ருசிப் புத்தகத்தில் ஒரு பூனை

எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு சட்டம் உண்டு. மதியச் சோற்றை நான் ஆக்கி இறக்கியதும், பிள்ளைகளுக்குப் பரிமாறுவதற்கு முன்னால் ஒரு டீச்சர் வந்து சாப்பிட்டுப் பார்க்க வேண்டும். கொஞ்ச நேரம் கழித்தும் அவர் உயிரோடு இருந்தால் மணியடிக்கலாம். அதற்கு ஒரு நோட்டும் உண்டு. சாப்பிட்டவர் அதில் சோறு எப்படி இருந்தது என்று எழுதிக் கையெழுத்துப் போட வேண்டும். ஆபீசில் அதற்கு நீளமாக ஏதோ பெயர் வைத்திருக்கிறார்கள். நான் ருசிப் புத்தகம் என்பேன்.

மட்டாஞ்சேரியில் இந்தப் பள்ளிக்கூடத்து அடுப்படி இருபது வருஷத்துக்கு மேலாக என் கையில் இருக்கிறது. இத்தனை வருஷத்தில் ஒரு டீச்சரும் செத்ததில்லை. சொல்லப்போனால் ஒரு டீச்சரும் சாப்பிட்டதில்லை. ஹெட்மிஸ்ட்ரஸுக்குச் சர்க்கரை. இரண்டாம் வகுப்பு மாஷுக்கு, அதாவது வாத்தியாருக்கு, வயிற்றில் வாயு. இன்னொரு டீச்சர் வீட்டிலிருந்து மூன்றடுக்கு டப்பா கொண்டு வருவாள். ஆனால் நோட்டில் எல்லோரும் ஒரே சொல்லைத்தான் எழுதுவார்கள்: ருசிகரம். வெள்ளிக்கிழமை வரைக்கும் உள்ளதைத் திங்கட்கிழமையே எழுதிவைத்துவிட்டுப் போன மகராசியும் உண்டு. நான் இன்னும் ஆக்காத சாம்பாருக்குக்கூட நல்ல பெயர் கிடைத்தது.

மலையாளம் எனக்குப் பேச்சில் ஓடும், எழுத்தில் ஏறாது. என் அப்பா இந்த ஊர் முனிசிபாலிட்டியில் தெருக் கூட்டியவர். நான் பிறந்தது இங்கேதான். தமிழ் எழுத்து, சின்ன வயதில் சங்கரன்கோயில் பக்கம் மாமா வீட்டில் மூன்று வருஷம் இருந்தபோது கிடைத்தது. மலையாளத்தில் எனக்கு அடையாளம் தெரிந்தது அந்த ஒரு சொல்தான். தட்டில் நெருக்கிப் பிழிந்த முறுக்கு மாதிரி இருக்கும். தினமும் முறுக்கு இருக்கிறதா என்று பார்ப்பேன், நோட்டை மூடுவேன். எனக்கு வாசிக்கத் தெரியாது என்பது அங்கே யாருக்கும் தெரியாது. அவர்கள் கேட்டதில்லை. கேட்காததைச் சொல்லுகிற பழக்கம் எனக்கில்லை.

மூன்று வருஷத்துக்கு முந்தி, ஜூன் மழையில் ஒரு புது டீச்சர் வந்து சேர்ந்தாள். மூன்றாம் வகுப்பு டீச்சர் பிரசவ லீவில் போனதால் தினக்கூலிக்கு எடுத்த ஆள். கும்பளங்கியிலிருந்து பஸ் ஏறி வருவாள். கையில் குடை, தோளில் பை, முகத்தில் உலகத்தைத் திருத்தப் போகிற களை. அந்தக் களையை நான் நிறையப் பார்த்திருக்கிறேன். ஓணம் வரை தாங்கும்.

புதிதாக வருகிறவள் தலையில்தான் எல்லாம் விழும். ருசி பார்க்கிற வேலையும் விழுந்தது. முதல் நாள் வந்தாள், தட்டை எடுத்தாள், உட்கார்ந்து சாப்பிட்டாள். நான் பயந்துபோனேன். சோறு, பருப்பு, பயற்றந்தோரன் எல்லாவற்றையும் வழித்துத் தின்றுவிட்டு, கை கழுவி, நோட்டைத் திறந்து எழுத ஆரம்பித்தாள். ஒரு வரி. இன்னொரு வரி. பேனாவை நிறுத்தி யோசித்தாள். மூன்றாவது வரி.

“என்னா டீச்சரே, வீட்டுக்கு லெட்டரா?”

“அல்ல சேச்சி. உள்ளது உள்ள மாதிரி எழுதணுமல்லோ.”

அந்த ‘உள்ளது’ எனக்குப் பிடிக்கவில்லை.

அவள் போனதும் நோட்டைத் திறந்தேன். முறுக்கைக் காணோம். பக்கம் முழுக்க எறும்பு மாதிரி எழுத்து. மறுநாளும் அப்படியே. அதற்கடுத்த நாளும். என் சோற்றைத் தின்றுவிட்டு என்னைப் பற்றி ஒருத்தி மூன்று வரி எழுதுகிறாள், அது என்னவென்று எனக்குத் தெரியாது என்றால் எனக்கு எப்படித் தூக்கம் வரும்? ஹெட்மிஸ்ட்ரஸிடம் கேட்கலாம். கேட்டால் “சேச்சிக்கு வாசிக்கத் தெரியாதா?” என்று திரும்பக் கேட்பார். அதைவிட நான் கடலில் குதிப்பேன்.

வாசிக்கத் தெரிந்த, வெளியே சொல்லாத ஒரு ஆள் வேண்டும். மூன்றாம் வகுப்பில் அப்படி ஒரு பெண் பிள்ளை இருந்தாள். தேனிப் பக்கத்திலிருந்து வந்த குடும்பம். அப்பன் போர்ட் கொச்சியில் ஒரு ஹோட்டலில் பரோட்டா அடிக்கிறவன். அம்மாக்காரி சுக்குக் கிடங்கில் சுக்குப் புடைக்கிறவள். அவள் பிள்ளையைக் கூப்பிட வந்தாலே எனக்குத் தும்மல் வரும். பிள்ளை வாயே திறக்காது. எப்போது பார்த்தாலும் புத்தகத்தை விரித்துக் கண் எடுக்காமல் பார்த்துக்கொண்டிருக்கும். ‘படிக்கிற பிள்ளை, பேசாத பிள்ளை, தமிழ்ப் பிள்ளை’ என்று நான் முடிவு கட்டினேன். அவள் அம்மா என்னை அக்கா என்று கூப்பிடுவதைக் கேட்டு, அவளும் என்னை அக்கா என்றே கூப்பிட்டாள். எழுபது வயதில் எனக்கு எட்டு வயதில் ஒரு தங்கச்சி.

சாப்பிட்டுத் தட்டுக் கழுவ வந்தவளை அரிசிச் சாக்குப் பக்கம் இழுத்துக்கொண்டு போய் நோட்டைக் கொடுத்தேன்.

“வாசி புள்ள.”

பார்த்தாள். புத்தகத்தைப் பார்க்கிற அதே பார்வை. கண்ணெடுக்கவே இல்லை. நானும் காத்திருந்தேன். மணி அடித்துவிட்டது.

“வாசி.”

“தெரியாதுக்கா.”

“பின்ன தினம் புஸ்தகத்துல என்னத்தைப் பாக்குற?”

“படம் இருக்கும்ல.”

சாயங்காலம் அவள் அம்மா வந்தபோது விசாரித்தேன். சேலைத் தலைப்பில் மூக்கைத் துடைத்துக்கொண்டு அந்தப் பெண் சொன்னாள். “மூணாங்கிளாசுக்கு வந்தும் எழுத்துக்கூட்டத் தெரியல. அரைப் பரீச்சைக்குள்ள ஒரு பக்கம் அவளா வாசிக்கணும், இல்லேன்னா ஊருல எங்கம்மாகிட்டக் கொண்டுபோய் விட்ருவேன், அங்க தமிழ்லயாவது படிக்கட்டும்னு அவரு சத்தியம் பண்ணிட்டாருக்கா. சொன்னா செய்வாரு. எனக்கு இருக்கிறது இது ஒண்ணு.”

நான் இரக்கப்பட்டேன் என்று எழுதினால் பொய். எனக்கு வேண்டியது என் பருப்பைப் பற்றிய செய்தி. அதற்கு இந்தப் பிள்ளையை விட்டால் வேறு ஆள் இல்லை. அவளுக்குப் பாதி எழுத்து தெரியும், மீதி தெரியாது. எனக்கு முழுசும் தெரியாது. இரண்டு பேரும் சேர்ந்தால் பாதியாவது தேறும் என்று கணக்குப் போட்டேன். ஒரு வரிக்கு ஒரு துண்டு வெல்லம் என்று பேசி முடித்தேன்.

தெரியாத எழுத்தை அவள் பேனாவால் உள்ளங்கையில் வரைந்துகொண்டு போவாள். மறுநாள் அதைத் தெரிந்துகொண்டு வருவாள். எங்கே போய்த் தெரிந்துகொள்கிறாள் என்று நான் கேட்கவில்லை. வெல்லம் கொடுக்கிறவள் விசாரணை செய்யக் கூடாது. முதல் வரியை உடைக்க எங்களுக்கு நான்கு நாள் ஆனது. அவள் ஒவ்வொரு எழுத்தாகப் பிடித்து, மலையாளத்தில் உரக்கச் சொல்ல, நான் அதைத் தமிழில் சேர்த்துப் பார்த்தேன்.

“பருப்பு. வெந்... திட்டில்ல.”

பருப்பு வேகவில்லையாம்.

இருபது வருஷம். முறுக்கு முறுக்காக நல்ல பெயர். நேற்று வந்த ஒரு பெண் என் பருப்பு வேகவில்லை என்று அரசாங்க நோட்டில் எழுதிவிட்டாள். மறுநாள் பருப்பைக் காலையிலேயே அடுப்பில் ஏற்றி, பருப்பு என்று சொன்னால்தான் பருப்பு என்று தெரியும்படி குழைத்து வைத்தேன். அவளும் சாப்பிட்டாள், எழுதினாள். அதை உடைக்க இரண்டே நாள்தான் ஆனது: பருப்பு நன்றாக வெந்தது, சட்டியும் சேர்ந்து வெந்தது.

இப்படியே எங்களுக்குள் யுத்தம் நடந்தது. அவள் எழுத்தில் அடிப்பாள், நான் கரண்டியில் அடிப்பேன். மோர்க்கறியில் மஞ்சள் அதிகம் என்றால் மறுநாள் மோர்க்கறி வெள்ளைக்காரன் நிறத்தில் இருக்கும். முகத்துக்கு நேரே இரண்டு பேரும் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசவில்லை. “சேச்சி, கொஞ்சம் கூட்டான் தாங்க” என்பாள். நானும் சிரித்துக்கொண்டு ஊற்றுவேன்.

அந்தப் பெண்ணின் பாடு எனக்குத் தெரியாமலில்லை. அடுப்படி ஜன்னலிலிருந்து பார்த்தால் வராந்தா முழுசும் தெரியும். இரண்டாம் வகுப்பு மாஷை வாக்காளர் பட்டியல் சரிபார்க்க வீடு வீடாக அனுப்பிவிட்டார்கள். அது முடிந்ததும் வேறு ஏதோ கணக்கெடுப்பு. அவர் பிள்ளைகளையும் இவள்தான் மேய்க்க வேண்டும். இரண்டு வகுப்புக்கும் நடுவில், வராந்தாத் தூணில் முதுகைக் கொடுத்து நின்றுகொண்டு, இந்தப் பக்கம் கூட்டலும் அந்தப் பக்கம் பாட்டும் நடத்துவாள். எங்கள் பள்ளிக்கூடத்தில் ஒரு வகுப்பில் எத்தனை பாஷை என்று கேட்காதீர்கள். வீட்டில் கொங்கணி பேசுகிறது ஒன்று, குஜராத்தி ஒன்று, உருது நான்கு, வங்காளத்திலிருந்து வந்தது இரண்டு, தமிழ் என் தங்கச்சி. டீச்சர் மலையாளத்தில் ஆனை என்றால் ஆறு பிள்ளைகள் ஆறு பக்கம் திரும்பும். ஓணம் வந்தது, போனது. அந்தக் களை மட்டும் அவள் முகத்தைவிட்டுப் போகவில்லை. அது எனக்கு இன்னும் எரிச்சலாக இருந்தது.

ஓணத்துக்குப் பிறகு அவள் எழுத்து பெரிதாகிவிட்டது. ஒரு வரி விட்டு ஒரு வரி, ஒவ்வொன்றும் கடலை அளவுக்கு. கோபம் ஏறினால் குரல் பெரிதாவது போல எழுத்தும் பெரிதாகும் போல என்று நினைத்தேன். அதோடு, சோற்றைப் பற்றி மட்டும் எழுதுகிற மரியாதையும் போய்விட்டது.

“பூனை... அடுப்பு... பக்கத்துல... உறங்குது,” என்று பிள்ளை வாசித்துவிட்டுச் சிரித்தாள்.

“பூனையையும் எழுதிட்டாளா?”

“பூனைக்குக் கீரை வேண்டாம். அப்படின்னும் இருக்குக்கா.”

“அவ எதுக்குப் பூனை பக்கம் பேசுறா? என் கீரைக்கு என்ன கேடு?”

பிள்ளைக்கு அதெல்லாம் காதில் விழவில்லை. அடுத்த வரிக்குப் போயிருந்தாள். இப்போது ஒரு நாள் எழுத்தை அன்றைக்கே முடித்துவிடுவாள். வெல்லத்தையும் கேட்பதில்லை. டீச்சர் வராத நாளில் வேறு யாராவது எழுதியிருந்தால் ஒரு கண் பார்ப்பாள். “ருசிகரம். இம்புட்டுத்தானா?” என்று உதட்டைப் பிதுக்கி நோட்டை என்னிடமே தந்துவிடுவாள்.

டிசம்பர் பிறந்ததும் சாப்பாட்டு ஆபீசர் வந்தார். வருஷத்துக்கு ஒரு தடவை வந்து அரிசி மூட்டையைத் தட்டிப் பார்க்கிறவர். அன்றைக்கு என்ன தோன்றியதோ, ருசிப் புத்தகத்தைப் புரட்டினார். கண்ணாடியை மாற்றிக்கொண்டார். ஹெட்மிஸ்ட்ரஸையும் டீச்சரையும் என்னையும் நிறுத்திவைத்து உரக்க வாசித்தார்.

“இன்று கீரை. கீரை பச்சை. பூனை அடுப்புக்குப் பக்கத்தில் உறங்கியது. பூனைக்குக் கீரை வேண்டாம். பூனைக்கு மீன் வேண்டும்.” நோட்டை மூடினார். “இது எந்தா? ரிஜிஸ்டரா, பாலபாடமா?”

பிள்ளையின் வாயில் துண்டு துண்டாக விழுந்தபோது எனக்கு வசவாகக் கேட்டது, அவர் கோத்து வாசித்தபோது பாடமாகக் கேட்டது. அப்போதுதான் எனக்கு உறைத்தது. நான் டீச்சரைப் பார்த்தேன். அவள் என்னைப் பார்த்துவிட்டுத் தரையைப் பார்த்தாள்.

“ஆருக்கு வேண்டி எழுதினது? சொல்லு.”

அவள் சொல்லவில்லை. சொன்னால் சேச்சிக்கு வாசிக்கத் தெரியாது என்பதையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். தினக்கூலிப் பெண். அவர் ஒரு வார்த்தை எழுதினால் மறுநாள் வர வேண்டாம். அப்படியும் வாயை மூடிக்கொண்டு நின்றாள். எனக்காக ஒருத்தி வாயை மூடிக்கொண்டு நிற்பது எனக்குச் சம்மதமில்லை.

“சாரே,” என்றேன். “பூனை என் மேல உள்ள குத்தம். டீச்சரு உள்ளதை எழுதினா. எலி இருந்தா பூனை வரும். அரிசிச் சாக்கைக் கடிக்கிற எலிக்கும் ஒரு நோட்டு தாங்க, அதிலும் எழுதிக்கலாம்.”

அவருக்கு டீச்சர் மறந்துபோனாள். என் பக்கம் திரும்பினார். தலையில் தொப்பி எங்கே என்றார். சமைக்கும்போது போடச் சொல்லி ஆபீசில் கொடுத்த தொப்பி பூனைக்குட்டிக்கு மெத்தையாக இருந்தது. அதையும் பார்த்துவிட்டார். நிறைய எழுதிக்கொண்டார். டீச்சருக்கு “இனி ருசிகரம்னு மட்டும் எழுதினா போதும்” என்ற உத்தரவோடு போயிற்று.

அவர் ஜீப் கிளம்பியதும் நான் கேட்டேன். “எப்பத் தெரிஞ்சது உனக்கு, நாங்க வாசிக்கிறது?”

“ஜூன்ல, சேச்சி. வாய் திறக்காத குட்டி கையை நீட்டி ‘டீச்சரே, இது எந்தா’ன்னு கேட்டது. நோக்கினா என்னோட கையெழுத்து. எனக்கு அழுகை வந்துபோயி. நான் மூணு வாரம் முயற்சி பண்ணியும் அது ஒரு வாக்கு கேட்டிட்டில்ல. சேச்சியோட பருப்பு கேட்க வச்சது.”

“அப்ப என் பருப்பு வேகலன்னு எழுதினது சும்மாவா? அவளுக்குப் பாடமா?”

“ஐயோ, அது பாடம் அல்ல. பருப்பு சத்தியமா வெந்திட்டில்ல.”

பத்து நாள் கழித்து எனக்கு ஒரு உறை வந்தது. ஒரு முழுப் பக்கம், மலையாளத்தில், கீழே சீல். என்ன இருக்கும் என்று தெரியும், அதனால் யாரிடமும் வாசிக்கக் கொடுக்கவில்லை. தங்கச்சியிடம்கூட. மடித்து இடுப்பில் செருகிக்கொண்டேன்.

அரைப் பரீட்சை முடிந்து கிறிஸ்துமஸ் லீவு விடுகிற நாள். பெற்றோரை வரச் சொல்லியிருந்தார்கள். பரோட்டாக்காரன் வந்தான். கையில் பெரிய பை. பையைப் பார்த்ததும் அவன் பெண்டாட்டிக்கு முகம் செத்துவிட்டது. வாசல் கேட்டுப் பக்கத்திலேயே டீச்சர் அவனைப் பிடித்துக்கொண்டாள்.

“மோள் நல்லா வாசிக்கும். நான் காட்டித் தரேன்.” பாடப் புத்தகத்தைப் பிரித்து நீட்டினாள். பிள்ளை ஒரு பக்கம் சரசரவென்று வாசித்தாள்.

அவன் தலையாட்டினான். “டீச்சர், கோவிச்சுக்காதீங்க. இது மனப்பாடம். நானும் இப்பிடித்தான் அஞ்சாவது வரைக்கும் வந்தேன். எங்க வாத்தியாரு புஸ்தகத்தைப் பிடுங்கிட்டு வேற ஒண்ணக் குடுத்தாரு, அன்னிக்கோட என் படிப்பு முடிஞ்சது. அவ கண்ணால பாக்காத பேப்பரு ஒண்ணு குடுங்க. வாசிச்சா இங்கயே இருக்கட்டும். இல்லேன்னா சாயங்காலம் பஸ்ஸு.”

டீச்சர் பையைத் துழாவினாள். பஸ் டிக்கெட்டும் குடைக் கம்பியும்தான் வந்தது. ஆபீசில் இருக்கிற பேப்பரெல்லாம் பிள்ளை பார்த்திருக்கலாம் என்பான். அவனிடம் வாதாட முடியாது, அவன் பட்டவன்.

என் இடுப்பில் அந்த உறைக் கடிதம், ஒரு முழுப் பக்கம், இருந்தது. பிள்ளை பார்க்காதது. நானே வாசிக்காதது.

எடுத்தேன். ஆபீஸ் சீல் இருப்பதைப் பார்த்ததும் டீச்சருக்குப் புரிந்துவிட்டது. “சேச்சி, அது வேண்டா” என்று கையைப் பிடித்தாள்.

“வாசிக்கட்டும்.”

எதிரே சாயாக்கடைச் சேட்டனை, மலையாளம் படித்தவன் என்று, பரோட்டாக்காரனே கூப்பிட்டுப் பிள்ளையின் முதுகுக்குப் பின்னால் நிறுத்தினான். தப்பினால் சொல்ல வேண்டும். சாயா குடித்துக்கொண்டிருந்த நாலு பேர் கண்ணாடி கிளாஸோடு கூடவே வந்துவிட்டார்கள். ஜூ டவுன் யூதத் தெருவுக்கு வழி தெரியாமல் நின்ற ஒரு வெள்ளைக்காரியும் நின்றாள்.

பிள்ளை தொண்டையைச் செருமிக்கொண்டு தெருவுக்கே கேட்கும்படி வாசித்தாள். ஜூன் மாதம் வாய் திறக்காதவள். சமையல் தொழிலாளி அடுப்படியில் பூனை உறங்க விட்டது. பருப்பு வேகாதது, பல நாள். தலையில் தொப்பி வைக்காதது. தந்த தொப்பியை வேறு காரியத்துக்கு உபயோகித்தது. மேலதிகாரியிடம் எதிர்த்துப் பேசியது. ஒரு நீளமான ஆபீஸ் வார்த்தையில் மட்டும் முட்டி நின்றாள். விரலை வைத்து எழுத்தெழுத்தாகப் பிரித்தாள், சேர்த்தாள், வெளியே எடுத்தாள். ஏழு நாளுக்குள் விளக்கம் எழுதித் தரவேண்டும்.

“சரியாணு,” என்றான் சாயாக்கடைச் சேட்டன். “ஒரு எழுத்து தப்பியிட்டில்ல.” அப்புறம் என்னைப் பார்த்தான். “சேச்சி, தொப்பி எந்து செஞ்சு?”

தெருவே சிரித்தது. நான் இடுப்பில் கை வைத்து நின்றேன். அவர்கள் சிரித்து முடிக்கட்டும் என்று நின்றேன். எதிர்த்துப் பேசியதாக அரசாங்கமே எழுதிக் கொடுத்திருக்கிறது. அது எத்தனை பேருக்குக் கிடைக்கும்?

பரோட்டாக்காரன் சிரிக்கவில்லை. பையைக் கீழே வைத்தான். மாவு காய்ந்த கையால் முகத்தைத் துடைத்துக்கொண்டான். “இன்னொருக்கா வாசி தாயி,” என்றான். இன்னொரு முறையும் என் மானம் போயிற்று. இந்தத் தடவை பிள்ளை முட்டி நின்ற வார்த்தையிலும் நிற்கவில்லை. அவள் அம்மா கீழே இருந்த பையை எடுத்துத் தன் முதுகுக்குப் பின்னால் வைத்துக்கொண்டாள்.

விளக்கம் எழுத வேண்டியிருந்தது, ஏழு நாள் கெடு எப்போதோ தாண்டிவிட்டிருந்தது. லீவு முடிந்த மறுநாள் அரிசிச் சாக்கின் மேல் பிள்ளையை உட்காரவைத்தேன். நான் சொல்லச் சொல்ல எழுது என்றேன். அவள் நான் சொன்னதை எழுதவில்லை, அவளுக்குத் தெரிந்த எழுத்துக்கு அடங்கியதை எழுதினாள். கடலை எழுத்தில், ஒரு வரி விட்டு ஒரு வரி:

பூனை உறங்கவில்லை. பூனை படுத்திருந்தது. எலி உண்டு. தொப்பி சிறியது. பருப்பு இப்போது வேகும்.

கீழே நான் தமிழில் கையெழுத்துப் போட்டேன். டீச்சரிடம் கொடுத்தோம். அவள் ஒவ்வொரு வரியாகப் பார்த்து, ஒரு இடத்தில் விட்டுப்போன முற்றுப்புள்ளியை வைத்து, பழக்க தோஷத்தில் ஓரமாகச் சிவப்பு மையில் ஒரு சரி போட்டுவிட்டாள். போட்ட பிறகுதான் நாக்கைக் கடித்தாள். வேறு பேப்பர் எடுக்கப் போனவளை நான் விடவில்லை. அந்தச் சரியோடுதான் அது ஆபீசுக்குப் போனது.